பாலினேசிய சாஸும் ஊறவைக்கும் கலவையும்: வீட்டில் செய்வது எப்படி, பொருள்கள் எங்கே கிடைக்கும்?

ஹூஸ்டன் அடுப்படி எழுதியது:

வணக்கம். இங்கே சிக்-ஃபில்-ஏ உணவகத்தில் கோழித் துண்டுகளுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சிவப்பு நிற ‘பாலினேசியன் சாஸ்’ என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலாகவும் வாங்கலாம். லேபிளைப் படித்தால் சர்க்கரை, சோயா எண்ணெய், சோளப் பாகு, வினிகர், தக்காளி விழுது, நிறத்துக்குப் பீட்ரூட் சாறு என்று போகிறது. இதையே இனிப்பைக் குறைத்து வீட்டில் செய்ய வழி இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சமோவா, தோங்கா, தாஹிட்டி போன்ற பாலினேசியத் தீவுகளில் மீனுக்கும் கோழிக்கும் மக்கள் என்னதான் சேர்க்கிறார்கள்? கடைகளில் ‘ஐலண்ட் மாரினேட்’ என்று விற்பதில் எல்லாம் அன்னாசிப் படம்தான் இருக்கிறது. அந்தத் தீவுகளின் சாப்பாட்டை அருகிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள். கோடை தொடங்குகிறது, வார இறுதிகளில் வெளியே கரி அடுப்பு மூட்டப் போகிறோம்.

---

கோவைக் கைமணம் எழுதியது:

சிவப்பு சாஸ் எளிது, சகோதரி. தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி, வினிகர் 80 மில்லி, நாட்டுச் சர்க்கரை 4 மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கப், பீட்ரூட் சாறு 2 மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஒரு பல் பூண்டு நசுக்கியது. எல்லாவற்றையும் சிறு தீயில் கொதிக்கவிட்டு, 1 தேக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். பளபளப்பு வந்ததும் இறக்கி 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு அடியுங்கள். கடுகுப் பொடியை விட்டுவிடாதீர்கள், அந்த லேசான நெடிதான் இதை வெறும் தக்காளி சாஸிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும்.

ஆனால் இதற்கும் பாலினேசியாவுக்கும் உறவு மிகத் தொலைவு. 1933இல் ஹாலிவுட்டில் ‘டான் த பீச்கோம்பர்’ மதுக்கூடம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரன் தொடங்கிய கடை பிறகு ‘டிரேடர் விக்ஸ்’ ஆனது. மூங்கிலும் மரச் சிலையுமாக அலங்கரித்த இந்த இடங்களில் ரம் கலவைகளோடு பரிமாறியது பெரும்பாலும் அமெரிக்க வாய்க்கு ஏற்ற கான்டனீஸ் சமையல். புளிப்பும் இனிப்புமான சிவப்பு சாஸ் அந்த வழியில் வந்தது. நல்ல சாஸ்தான். தீவுகளின் சுவை வேண்டுமென்றால் வேறு பக்கம் போக வேண்டும், அதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வாழ்கிறேன். சமோவர், தோங்கர், குக் தீவினர், நியுவேயர் எல்லோரும் பெருந்தொகையாய் வாழும் நகரம் இது. சனிக்கிழமை காலையில் ஓட்டாரா சந்தைக்குப் போனால் சேம்பிலைக் கட்டுகள், பச்சை வாழைக்காய்க் குலைகள், முற்றிய தேங்காய்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். என் வேலையிடத்தில் சமோவக் குடும்பங்களோடு பழக்கம். அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இறைச்சியைச் சாஸில் மணிக்கணக்காய் ஊறவைப்பது இந்தத் தீவுகளின் பழைய வழக்கமே அல்ல. பழைய சமையல் கல்லும் இலையும்தான். குழியில் கல்லைப் பழுக்கக் காயவைத்து, மீனையும் கிழங்கையும் இலையில் பொதிந்து அதன்மேல் அடுக்கி மூடுவார்கள். சமோவாவில் அதற்கு ஊமு என்று பெயர், ஹவாயில் இமு, மாவோரிகளிடம் ஹாங்கி. மண்பாண்டம் வழக்கொழிந்துபோன தீவுகளில் தேங்காய்ப்பாலைக் கெட்டியாக்க வேண்டுமென்றால் சுட்ட கல்லை எடுத்து மரத் தொட்டிப் பாலுக்குள்ளேயே போடுவார்கள். உப்புக்குக் கடல்நீர். ஆக, சுவை சேர்வது இரண்டு இடங்களில்: இலைப் பொதிக்குள், அல்லது வெந்து வந்த பிறகு மேலே ஊற்றும்போது. உங்கள் தேடலை இங்கிருந்து தொடங்கினால் வழி தவறாது.

சோயா சாஸ் பின்னால் வந்தது. 1865இல் தாஹிட்டியின் அத்திமாவோனோ பருத்தித் தோட்டத்துக்குச் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மானியர் ஆண்ட சமோவாவுக்கு 1903 முதல் வந்தார்கள். இன்று சமோவர் வீட்டு விருந்தில் சோயாவும் இஞ்சியும் பூண்டும் போட்ட கண்ணாடி நூடுல்ஸ், சாபாசுயி, இல்லாமல் இருக்காது. கரியில் சுடும் கோழிக்கும் அதே சோயா, பூண்டு, இஞ்சி, சர்க்கரைதான். மூன்று நான்கு தலைமுறையாய் வீட்டில் இருக்கும் சுவை அவர்களுடையதுதான். ஆனால் பழைய அடித்தளம் தேங்காய்ப்பால் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தத் தேங்காய்ப்பாலைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களின் துருவலை நம்முடையதைப் போலவே உட்கார்ந்து துருவும் பலகைதான், நுனியில் பல்லுள்ள இரும்பு. துருவிய பூவைத் தண்ணீர் விடாமல், செடிநார்க் கொத்துக்குள் வைத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவார்கள். அந்தக் கட்டிப் பாலுக்குச் சமோவாவில் பெஎபெஎ என்று பெயர். மிக்சியில் சுடுநீர் விட்டு அடித்து எடுப்பதை அவர்கள் சாஸுக்குப் பயன்படுத்துவதில்லை. சாஸ் என்பது முதற்பால் மட்டும்தான்.

அடிப்படைச் சாஸ் இதோ. ஒரு பெரிய முற்றிய தேங்காயின் முதற்பால், சின்ன வெங்காயம் மிகப் பொடியாக அரிந்தது ஒரு பிடி, பச்சை மிளகாய் ஒன்று, தேசிக்காய் (எலுமிச்சை) பாதி, உப்பு. தேசிக்காயையும் உப்பையும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும், முன்னதாகப் பிழிந்து வைத்தால் பால் திரிந்து சிறு கட்டிகளாகிவிடும். சுட்ட மீன், அவித்த மரவள்ளி, சுட்ட ஈரப்பலா (சீமைப்பலா) மீது இதை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பக்கத்து ஃபிஜியில் இதே கலவைக்கு மிட்டி என்று பெயர். சம்பல் அரைத்துப் பழகிய நம் கைக்கு இது அந்நியமே இல்லை.

கடல்நீர்ச் சுவை வேண்டுமென்றால் உப்பை அளந்து போடுங்கள். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். 250 மில்லி தண்ணீருக்கு 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி தூளுப்பு. இந்த நீரில் ஒரு கை விட்டுத் தேங்காய்ப்பாலோடு கலந்தால் வெறும் உப்புப் போட்டதைவிடச் சீராக இருக்கும்.

அடுத்தது மீன். தோங்காவில் ஓட்டா இகா, சமோவாவில் ஓகா, குக் தீவுகளில் இகா மாட்டா, தாஹிட்டியில் இயா ஓத்தா. எல்லாமே பச்சை மீனைத் தேசிக்காயிலும் தேங்காய்ப்பாலிலும் கூட்டுவதுதான், கையளவில்தான் வேறுபாடு. தாஹிட்டி முறையில் அரைக் கிலோ சூரையைச் சதுரமாக வெட்டி, உப்பு நீரில் அலசி, நான்கு தேசிக்காய்ச் சாற்றில் சில நிமிடம் மட்டும் புரட்டி, சாற்றில் பெரும்பகுதியை வடித்துவிடுவார்கள். பிறகு வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கடைசியில் 200 மில்லி முதற்பால். மீனின் வெளிப்புறம் மட்டும் வெளுத்திருக்க, நடுவே சிவப்பு அப்படியே இருக்க வேண்டும். குக் தீவினர் வீடுகளில் இதைவிட நெடுநேரம் ஊறவிட்டு முழுவதும் வெள்ளையாக்குவதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தாஹிட்டி முறைதான் உயர்ந்தது. மீன் மீனாகவே இருக்கிறது.

---

உப்புக்கல் எழுதியது:

தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் தொழிலில் இருக்கிறேன். மேலே உள்ள பதிவு மிக அருமை. ஆனாலும் பச்சை மீன் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

எலுமிச்சைச் சாறு மீனின் புரதத்தை வெளுக்கச் செய்யும், வேகவைத்ததுபோலத் தோற்றம் தரும். ஒட்டுண்ணிப் புழுக்களை அது கொல்லாது. பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி: மைனஸ் 20 பாகை செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 பாகையில் உறையவைத்து 15 மணி நேரம். வீட்டு உறைபெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 18ஐச் சுற்றித்தான் நிற்கும், கதவைத் திறக்கத் திறக்க இன்னும் ஏறும். சூரை இனங்கள் சிலவற்றுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சூரையின் பிரச்சினை வேறு. பிடித்த நிமிடத்திலிருந்து பனிக்கட்டியில் இல்லாவிட்டால் அதில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். வேகவைத்தாலும் அது போகாது, எலுமிச்சையாலும் போகாது.

ஆகையால் பச்சையாக உண்பதற்கென்றே விற்கும் மீனை, நம்பிக்கையான கடையில், வாங்கிய அன்றே செய்யுங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோயுற்றவர்கள் வேண்டாம். அவர்களுக்கு இறாலைக் கொதிநீரில் வேகவைத்துப் பனிநீரில் போட்டு, அதே தேங்காய்ப்பால் கலவையில் கூட்டித் தரலாம். சுவை குறையாது.

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

முழுதும் ஒத்துக்கொள்கிறேன், அண்ணா. இங்கே தீவினரும் விடியற்காலையில் மீன் சந்தைக்குப் போய்ச் செவுளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இறாலில் செய்தால் தேசிக்காய்ச் சாற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், வெந்த இறால் சாற்றைக் குடித்து இறுகிவிடும்.

---

அலைவாசல் எழுதியது:

ஹவாயைப் பற்றி நான் எழுதுகிறேன். ஓவாஹூ தீவில் பல காலம் இருந்தேன்.

நீங்கள் கரி அடுப்பு என்று சொன்னதும் நினைவுக்கு வருவது ஹுலி-ஹுலி கோழி. 1955இல் எர்னஸ்ட் மொர்காடோ என்ற கோழி வணிகர் விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்கு, தன் தாயாரின் ‘தெரியாக்கி’ (ஜப்பானிய இனிப்புச் சோயா) பாணிச் சாஸில் கோழி சுட்டுப் பரிமாறினார். அதிலிருந்து அது தீவு முழுவதும் பரவியது. பள்ளிகளும் கோயில்களும் நிதி திரட்டுவதற்கு வாகன நிறுத்துமிடங்களில் நீளமான அடுப்புகள் போட்டுச் சுடுவார்கள். இரண்டு கம்பித் தட்டுகளுக்கு நடுவே கோழிகளை வரிசையாக நெருக்கி, இரு பக்கமும் ஆள் நின்று, ‘ஹுலி’ என்று கூவித் தட்டு முழுவதையும் ஒரே வீச்சில் புரட்டுவார்கள். ‘புரட்டு’ என்பதுதான் அதன் பொருள்.

மொர்காடோ தன் கலவையை வெளியிடவில்லை. வீடுகளில் ஆளுக்கொரு அளவு உண்டு. நான் செய்வது: இரண்டாகப் பிளந்த ஒன்றரைக் கிலோ கோழிக்குச் சோயா சாஸ் 120 மில்லி, பழுப்புச் சர்க்கரை 80 கிராம், தக்காளி கெச்சப் 60 மில்லி, கொதிக்கவைத்து ஆறிய அன்னாசிச் சாறு 120 மில்லி, இரண்டு அங்குல இஞ்சி துருவி, பூண்டு ஐந்து பல், அரிசி வினிகர் 1 மேசைக்கரண்டி. கலந்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மீதியில் கோழி நான்கிலிருந்து எட்டு மணி நேரம் ஊறட்டும்.

சுடும்போது பொறுமை வேண்டும். சர்க்கரை இருப்பதால் நேர்த் தணலில் வைத்தால் வெளியே கரிந்து உள்ளே பச்சையாக இருக்கும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கோழியை வைத்து, அடிக்கடி புரட்டுங்கள். எடுத்துவைத்த சாஸைக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் தடவ வேண்டும். முதல் பூச்சு உலர்ந்து ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகு அடுத்த பூச்சு. தோலின் மேல் சிறு குமிழிகள் எழுந்து, அடங்கி, பழுப்புக் கண்ணாடிபோல் படியும். தொடையின் உட்புறம் 74 பாகை காட்டினால் எடுத்துவிடலாம். பச்சைக் கோழி ஊறிய சாஸைத் தொட்டுக்கொள்ள வைக்க வேண்டாம், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

சோயா சாஸில் ஒரு எச்சரிக்கை. ஹவாயில் பழகியது மென்மையான ஜப்பானிய வகை. 1946 முதல் உள்ளூரிலேயே தயாராகும் அலோஹா ஷோயு அதைவிடவும் மென்மை. இந்தியக் கடைகளில் கிடைக்கும் கறுத்த சோயா சாஸ் நிறத்திலும் உப்பிலும் கடுமை. அதைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால் பாதி அளவு சோயா, பாதி தண்ணீர்.

---

சாயல்குடிக்காரன் எழுதியது:

அலைவாசல் அண்ணா, கரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ஹுலி-ஹுலிக்குப் போடும் விறகு கியாவே என்று படித்திருக்கிறேன். அது எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவு மரம்தானே?

---

அலைவாசல் எழுதியது:

ஆம் தம்பி, இரண்டும் புரோசாபிஸ் இனம். ஹவாயில் இருப்பது புரோசாபிஸ் பல்லிடா, உங்கள் பக்கம் இருப்பது ஜூலிஃப்ளோரா. 1828இல் பஷ்லோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனலுலுவில் முதல் கன்றை நட்டார், அதிலிருந்து தீவுகளின் வறண்ட கரைகளெல்லாம் படர்ந்துவிட்டது. அங்கும் முள் ஆளைக் குத்தும், அங்கும் நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்ற குறை உண்டு. ஆனால் அதன் கரியில் சுட்ட கோழிக்கு ஈடு கிடையாது.

---

சாயல்குடிக்காரன் எழுதியது:

அப்படியென்றால் எங்களுக்குக் கொள்ளைதான். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலக் கரி எந்த விறகுக் கடையிலும் கிடைக்கும். புகை வாசம் கூடுதலாக வேண்டுமானால், தணல் வெள்ளை பூத்த பிறகு அதே மரத்தின் காய்ந்த சிறு சிம்புகள் இரண்டைப் போடுங்கள். பச்சை விறகைப் போட்டால் கசக்கும். ஹூஸ்டன் அக்காவுக்கும் கவலை வேண்டாம், டெக்சாஸில் மெஸ்கீட் கரி என்று விற்பதும் இதே குடும்பம்தான்.

---

ஹூஸ்டன் அடுப்படி எழுதியது:

மெஸ்கீட் கரி எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு மூட்டை இருக்கிறது! மிக்க நன்றி, தம்பி.

அன்னாசிச் சாற்றை ஏன் கொதிக்கவைக்கச் சொல்கிறீர்கள்? புதுச் சாறு இறைச்சியை மென்மையாக்கும் என்றுதானே சேர்க்கிறார்கள்?

---

கோவைக் கைமணம் எழுதியது:

என் கருத்து வேறு. கொதிக்கவைத்தால் அன்னாசியின் பயனே போய்விடுகிறது. முற்றிய ஆட்டுக்கறிக்கு நாம் பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிறோம், அதே வேலையைத்தான் அன்னாசி செய்கிறது. பச்சைச் சாறே நல்லது.

---

உப்புக்கல் எழுதியது:

எந்த இறைச்சி என்பதைப் பொறுத்தது. அன்னாசியில் புரோமலைன், பப்பாளிக்காயில் பப்பைன், இரண்டும் புரதத்தை அறுக்கும் நொதிகள். முற்றிய ஆட்டின் தொடைக்கறிக்கு அரை மணி நேரம் பச்சைச் சாறு பொருத்தம், நீங்கள் சொல்வது அங்கே சரி. பிராய்லர் கோழிக்கு அது தேவையே இல்லை, ஏற்கெனவே மென்மையான கறி. எட்டு மணி நேரம் பச்சைச் சாற்றில் கிடந்தால் மேற்பரப்பு மாவுபோல் குழைந்து, சுடும்போது தோல் வழுக்கிக்கொண்டு வரும். மீனும் இறாலும் அதைவிட வேகமாகக் கரையும். கொதித்தால் நொதி அழிந்துவிடும், புளிப்பும் இனிப்பும் மணமும் நிற்கும். டின்னில் அடைத்த சாறு ஏற்கெனவே சூடேற்றியது, அதை அப்படியே ஊற்றலாம்.

---

அலைவாசல் எழுதியது:

உப்புக்கல் சொன்னதே என் காரணமும். கூடவே ஒரு தகவல்: அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. ஹவாயில் அதைப் பயிரிட்டதற்கு 1813இல் எழுதிய நாட்குறிப்பு சான்று இருக்கிறது. ஜேம்ஸ் டோல் 1901இல் அன்னாசி நிறுவனம் தொடங்கிய பிறகுதான் அது தீவின் அடையாளமாகவே ஆனது. பாட்டில் லேபிளில் உள்ள படத்தை வைத்துத் தீவின் சமையலை எடைபோட வேண்டாம்.

ஹவாயின் பழைய சுவை இனமோனா. குகுயிக் கொட்டையை நன்றாக வறுத்து உப்போடு இடித்த பொடி. வெட்டிய மீன், கடல்பாசி, உப்பு, இந்தப் பொடி, இவ்வளவுதான் ‘போக்கே’ என்ற ஹவாய்ப் பச்சை மீன் உணவின் பழைய வடிவம். இன்று உலகம் முழுவதும் கிண்ணத்தில் விற்பதெல்லாம் பிறகு வந்தவை. கொட்டை எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

---

பினாங்கு அம்மி எழுதியது:

கிடைக்கும், அண்ணா! எங்கள் மலேசியாவில் புவா கெராஸ் என்று எந்த மளிகைக் கடையிலும் பொட்டலமாக விற்கிறார்கள். குகுயியும் அதுவும் ஒரே மரத்தின் கொட்டை. ஹூஸ்டனில் ஆசியக் கடைகளில் இந்தோனேசியப் பொருள்கள் இருக்கும் வரிசையில் கெமிரி என்ற பெயரில் தேடுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. வயிற்றைப் புரட்டிப் பேதியாகும். நாங்கள் அம்மியில் அரைத்துக் குழம்பில் சேர்க்கும்போது எண்ணெய் பிரியும்வரை வதக்குவது அதற்காகவும்தான். இனமோனாவுக்கு 160 பாகை ஓவனில் வைத்து, உள்ளேயும் பழுப்பு ஏறும்வரை வறுங்கள். ஒரு கொட்டையைப் பிளந்து பார்த்தால் நடு வெள்ளையாக இருக்கக் கூடாது. ஆறியதும் கல்லுப்போடு கொரகொரப்பாக இடித்து, மீனில் ஒரு சிட்டிகை இரண்டு சிட்டிகைக்கு மேல் போகாமல் தூவுங்கள். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், பழைய கொட்டையில் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும்.

கிடைக்காத ஊரில் முந்திரியைச் சற்றுக் கருக வறுத்து இடிக்கலாம். மணத்தில் பாதி வரும். குகுயியின் அந்த லேசான கசப்பு மட்டும் வராது.

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

தேங்காய்ச் சாஸ்களில் எனக்கு மிகவும் பிடித்ததை இன்னும் சொல்லவில்லை. தாஹிட்டியில் தாயோரோ, மிட்டி ஹுவே என்று இரண்டு. முழுவதும் முற்றாத தேங்காயைத் துருவியோ துண்டாக்கியோ, நன்னீர் இறாலின் தலையை நசுக்கிய சாறும் கடல்நீரும் சேர்த்துப் புளிக்கவிடுவார்கள். பாலாடைக் கட்டியின் வீச்சமும் கடல் வாசமும் கலந்து வரும். சுட்ட மீனும் அவித்த வாழைக்காயும் இதோடு சேர்ந்தால், அந்தச் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கவே மனம் வராது. ரொட்டுமாத் தீவினரும் தேங்காயை மிளகாயோடு புளிக்கவைத்துத் தாரோரோ செய்கிறார்கள். பாலினேசிய சாஸ் என்று ஒன்றை உலகத்துக்குக் காட்டச் சொன்னால் நான் இவற்றைத்தான் காட்டுவேன். யாராவது வீட்டில் முயன்றிருக்கிறீர்களா?

---

உப்புக்கல் எழுதியது:

தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். தேங்காயைப் புளிக்கவைப்பது பாலைத் தயிராக்குவது போன்றதல்ல. இந்தோனேசியாவின் ஜாவாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே போங்க்ரெக் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. அதில் வளரும் ஒரு பாக்டீரியா போங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அதற்கு வாசனை இல்லை, நிறத்தில் தெரியாது, கொதிக்கவைத்தாலும் அழியாது. 1988இல் அந்த உணவின் தயாரிப்பையே இந்தோனேசியா தடைசெய்தது.

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. தாஹிட்டியினர் தலைமுறை தலைமுறையாய் உண்டுவரும் உணவு இது. கடல்நீரின் உப்பு, காயின் பதம், எத்தனை நாள் என்ற கணக்கு எல்லாம் கை அறிந்த விஷயங்கள். அந்த அறிவைச் சந்தேகத்துக்குரியதாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

---

உப்புக்கல் எழுதியது:

அவர்கள் அறிவை நான் சந்தேகிக்கவில்லை, தம்பி. அந்தக் கை நம்மிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன். எழுத்தில் படித்து, வேறு தட்பவெப்பத்தில், வேறு தேங்காயில், உப்பைக் குறைத்துச் செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்த தாஹிட்டியர் வீட்டில் அவர்கள் செய்து தந்தால் நானும் சாப்பிடுவேன்.

புளிக்காத வகை ஒன்றைச் செய்து பாருங்கள். இறால் தலைகளைக் கால் கப் உப்பு நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நசுக்கி வடிகட்டுங்கள். ஆறிய சாற்றை இளந்தேங்காய்த் துருவலில் விட்டு, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள். புளித்த வீச்சம் இருக்காது, கடல் மணமும் தேங்காயும் கூடிவரும்.

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

செய்தேன், அண்ணா. தாயோரோ அல்ல, ஆனாலும் தனியாகவே நிற்கக்கூடிய சாஸ். அவித்த மரவள்ளியோடு வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எலுமிச்சையைச் சில துளிகளோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இறால் மணம் அமுங்கிவிடும்.

---

ஹூஸ்டன் அடுப்படி எழுதியது:

படிக்கப் படிக்கப் பசிக்கிறது. இங்கே நல்ல தேங்காய் கிடைப்பது அரிது, உடைத்தால் பாதி கெட்டிருக்கும். டின் தேங்காய்ப்பால் பரவாயில்லையா? நீங்கள் சொன்ன இலைப் பொதிக்கு என்ன இலை வாங்குவது? ஹவாயில் காரத்துக்கு ஒன்றுமே இல்லையா?

---

ஒக்லாந்துத் துருவலை எழுதியது:

டின் பரவாயில்லை, அக்கா. இங்கும் வேலைநாட்களில் தீவினர் வீடுகளில் டின்தான். லேபிளில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் இருப்பதை எடுங்கள். டின்னைக் குலுக்காமல் ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தால் கட்டி மேலே நிற்கும், சாஸுக்கு அதை மட்டும் வழித்தெடுங்கள். பச்சை மீனுக்கு உறையவைத்த தேங்காய்த் துருவலிலிருந்து பிழிந்த பால் டின்னைவிட எவ்வளவோ மேல். இந்தியக் கடை உறைபெட்டியில் பார்க்கலாம்.

இலைப் பொதிக்குச் சமோவாவில் பலுசாமி, தோங்காவில் லூ. சேம்பிலையை உள்ளங்கையில் கிண்ணம்போல் குவித்து, வெங்காயமும் உப்பும் கட்டிப் பாலும் விட்டு, தோங்கர் என்றால் உப்பிட்ட மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வைத்து, மடித்துச் சுடுவார்கள். சேம்பிலை வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். 180 பாகை ஓவனில் தாளால் இறுக மூடி ஒன்றரை மணி நேரமாவது வைக்க வேண்டும். இலை முழுவதும் குழைந்து, பால் அதற்குள் சுண்டி, தயிர்க் கட்டிபோல் படிந்திருப்பதுதான் பதம். சேம்பிலை கிடைக்காவிட்டால் பசலைக்கீரை போடுங்கள், முக்கால் மணி நேரம் போதும். ஆட்டிறைச்சி வைப்பதானால் அதை முன்பே வேகவைத்துக்கொள்ளுங்கள்.

---

அலைவாசல் எழுதியது:

காரத்துக்கு மிளகாய்த் தண்ணீர் இருக்கிறது, ஹவாயில் உணவகத்து மேசையிலெல்லாம் பாட்டிலில் நிற்கும். காந்தாரி மிளகாய் போன்ற சிறிய, கடுங்கார மிளகாய் எட்டுப் பத்து, பூண்டு ஒரு பல், உப்பு 1 தேக்கரண்டி, வெள்ளை வினிகர் 2 மேசைக்கரண்டி. மிளகாயையும் பூண்டையும் நசுக்கி, ஒன்றரைக் கப் தண்ணீரில் உப்போடு கொதிக்கவிட்டு, இறக்கி வினிகர் ஊற்றிச் சுத்தமான பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் காரம் முழுதாக இறங்கியிருக்கும். பூண்டு இருப்பதால் வெளியே வைக்க வேண்டாம், இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

ஹுலி-ஹுலி கோழி இனிப்பு என்று பெரியவர்கள் ஒதுக்கினால் இதை மேலே நான்கு சொட்டுத் தெளித்துக் கொடுங்கள். சோற்றிலும் விடலாம், முட்டைப் பொரியலிலும் விடலாம்.

---

சாயல்குடிக்காரன் எழுதியது:

காந்தாரி மிளகாய் எங்கள் வீட்டு வேலியோரத்திலேயே காய்க்கிறது. கரியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழியில் செய்யலாமா, அண்ணா? அது ஊற எவ்வளவு நேரம்?

---

அலைவாசல் எழுதியது:

நாட்டுக்கோழி என்றால் இளங்கோழியாக எடுங்கள், தம்பி. முற்றியதைத் தணலில் மட்டும் வாட்டினால் மெல்ல முடியாது. ஓரிரவு ஊறட்டும். இங்கே கோவைக் கைமணம் சொன்ன பச்சை அன்னாசிச் சாற்றைக் கடைசி அரை மணி நேரத்தில் 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம், அந்தக் கறி அதைத் தாங்கும். தணலுக்குத் தொலைவாக, மூடி போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.